அரிசிக்குள் புதைத்த பெட்டி

பெட்டி வந்த அன்று சுகிர்தா நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்தியிருந்தாள். ஒரு பெண் வருவாள், பெட்டியை மேசையில் வைப்பாள், போய்விடுவாள் என்றுதான் கடிதத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் அரசாங்கத்தின் வாசனை உள்ள எது படியேறினாலும் வீட்டைக் கூட்டித் துடைத்து, கேக் வெட்டி, விளிம்பு உடையாத கோப்பைகளாகப் பார்த்து எடுத்து வைப்பது அவளுடைய பழக்கம். பதினெட்டு வருசத்துக்கு முன்னால் இந்தப் பெல்ஜியம் நாட்டில் அகதி விசாரணைக்குப் போனபோது தொற்றிய பழக்கம் அது.

வந்தவளின் பெயர் லீஸ்பெத். ஏதோ பொதுமக்கள் அமைப்பில் வேலை செய்கிறவள். முப்பது வயதிருக்கும். மழையில் நனைந்த தலையோடு வந்து, இரண்டு துண்டு கேக்கை ரசித்துச் சாப்பிட்டதில் சுகிர்தாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பெட்டி சவர்க்காரக் கட்டி அளவுதான் இருந்தது. சாம்பல் நிறம். பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான்.

"பிரசல்ஸில் ஐரோப்பா முழுக்கச் சட்டம் எழுதும்போது சனங்களைக் கேட்டு எழுத வேண்டும் என்று நாங்கள் இருபது வருசமாகச் சண்டை பிடித்தோம்" என்றாள் லீஸ்பெத், அந்த ஊர் மொழியான பிளெமிஷை மெதுவாக உடைத்து உடைத்து. "சரி, வரச்சொல்லுங்கள் என்றார்கள். யார் வந்தார்கள் தெரியுமா? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் குறைந்துபோகாதவர்கள். துணி வெளுக்கிறவர்கள், கக்கூஸ் கழுவுகிறவர்கள் ஒருவரும் வரவில்லை. உங்களால் எப்படி வர முடியும்?"

அதற்குத்தான் இந்தப் பெட்டி. நாற்பது நாள் மேசையில் கிடக்கும். கேள்வி கேட்கும், வீட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும். நாற்பது நாளில் அது சுகிர்தாவைப் படித்துவிடும். அவள் எதற்குச் சிரிப்பாள், எதற்கு வளைந்து கொடுப்பாள், எதற்கு மாட்டேன் என்பாள் என்பதெல்லாம் அதற்குத் தெரியவரும். பிறகு அவளுடைய சாயல் ஒன்று பிரசல்ஸில் இருக்கும். ஒரு சட்டம் வரும்போது சீட்டுக் குலுக்கி அறுநூறு சாயல்களை எழுப்புவார்கள். அவை ஒன்றோடொன்று வாதாடும், கேள்வி கேட்கும், மனம் மாறும், கடைசியில் வாக்களிக்கும். அந்த முடிவை மீறிச் சட்டம் எழுத முடியாது. எந்தச் சட்டத்துக்கு யாருடைய சாயல் எழும்பும் என்பது முடிவு வரும்வரை ஒருவருக்கும் தெரியாது.

சுகிர்தாவின் கணவன் குகதாசன் அதுவரை சுவரோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் செத்த பிறகும் அது வாக்குப் போடுமா என்று விசாரித்தான். இல்லை, அதையும் அணைத்துவிடுவோம் என்றாள் லீஸ்பெத்.

"அது நல்லது" என்றான் தாசன் தமிழில், மனைவியைப் பார்த்து. "எங்கட ஊரில செத்த ஆக்கள்தானே கனக்க வாக்குப் போட்டவை."

லீஸ்பெத் போகும்போது பொத்தானைக் காட்டினாள். யாருக்கும் கேட்கக்கூடாத பேச்சு இருந்தால் இதை அழுத்துங்கள், பெட்டி தூங்கிவிடும். அழுத்தாதவரை நீங்கள் பேசுவதெல்லாம் நீங்கள் மனமொப்பித் தந்ததாகக் கணக்கு.

அவள் படி இறங்கியதும் தாசன் பெட்டியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொத்தானை அழுத்தினால் வெளிச்சம்தான் அணையும், காது அணையாது என்றான். அவன் போர் நடந்த ஊரில் ரேடியோவையே நெல்லு மூட்டைக்குள் ஒளித்து வைத்து வளர்ந்தவன். பொத்தானை நம்பச் சொன்னால் நம்புவானா? குசினி மூலையில் இருபது கிலோ அரிசி வாளி நின்றது. மூடியைத் திறந்து, பெட்டியை அரிசிக்குள் முழங்கை அளவுக்குப் புதைத்து, மூடியை இறுக்கிக் காட்டினான். அன்றிலிருந்து அதுதான் முறை. நல்ல பேச்சு என்றால் பெட்டி மேசையில். குறை, சண்டை, அழுகை, நோய் வருத்தம் என்றால் பெட்டி அரிசிக்குள்.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. நகரத்துக்கு வெளியே, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற தொழிற்சாலை. ஒரு பக்கத்தால் இரத்தமும் மலமும் பட்ட படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாகப் போகும். மறுபக்கத்தால் காகிதம் மாதிரி மடிந்து வெளியே வரும். நடுவில் நிற்பது துணியைச் சூட்டில் அழுத்தி மினுக்கிற மிசின்; பேருந்து அளவு நீளம். ஈரத் துணியின் இரண்டு மூலையையும் பிடித்து உதறி அதன் வாய்க்குள் கொடுக்க வேண்டும். நிமிசத்துக்குப் பத்து விரிப்பு. துணியில் இருக்கிற தண்ணீர் முழுக்க ஆவியாகி ஆட்களின் முகத்தில்தான் வந்து அடிக்கும். மாரிக் குளிரிலும் அந்த இடத்தில் முப்பத்தைந்து பாகை. ஆகஸ்டில் நாற்பத்தொன்று. கண்ணிமை வியர்க்கும் என்பதை சுகிர்தா அங்கேதான் அறிந்துகொண்டாள்.

தாசன் அந்த மிசினின் வாயில் பதினான்கு வருசமாக நிற்கிறான். போன வசந்தத்தில் அவனுடைய நெஞ்சுக்குள் ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். சூட்டுக்குள் நிற்கவே கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்குத் தொழிற்சாலைக்கு அவர்கள் சொன்னது, ஜெர்மனியில் இருக்கிற மகளிடம் இரண்டு கிழமை போய்வருகிறோம் என்று. நெஞ்சு வருத்தக்காரனை மிசினில் நிறுத்தச் சட்டம் இல்லை. நிறுத்த வேறு இடமும் அங்கே இல்லை. ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருசம் இருந்தது. இந்த வயதில், இந்த மொழியில், இன்னொரு வாசலில் போய் நிற்க முடியாது என்று தாசனுக்குத் தெரியும்.

இதையெல்லாம் பேசியது அரிசி வாளி மூடிய பிறகுதான்.

மேசையில் இருக்கும்போது பெட்டி கேட்கும்: "இண்டைக்கு வேலை எப்பிடிப் போச்சு?" ஐந்தாம் நாளே அது இலங்கையில் அவர்கள் ஊரான வன்னியின் தமிழ் பேசத் தொடங்கிவிட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் சுகிர்தா தன்னையறியாமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்வாள். நல்ல வேலை என்பாள். முதலாளி நல்ல மனிசன் என்பாள். சூடுதான், ஆனால் எங்களுக்குப் பழகின சூடு என்பாள். கடைசியில் அந்த இரண்டு சொல்லையும் சொல்லி முடிப்பாள்: கேன் புறொப்ளேம். பிரச்சினை இல்லை. இந்த நாட்டில் அவர்கள் இருவரும் முதன்முதலில் படித்த பிளெமிஷ் அதுதான். இங்கே அகதி முகாமில் சாப்பாடு எப்படி, அறை எப்படி, ஏன் இருமுகிறாய், ஏன் அழுகிறாய் என்று யார் எதைக் கேட்டாலும் அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது.

சொன்னதை மாற்றக்கூடாது என்பதையும் அப்போதுதான் படித்தார்கள். முதல் விசாரணையில் தாசன், தம்பியைப் பிடித்துக்கொண்டு போனது செவ்வாய்க்கிழமை என்று சொன்னான். இரண்டாவதில் புதன் என்றான். அந்த ஒரு நாள் பிசகியதற்காக அவர்கள் விசாவுக்கு நாலு வருசம் காத்திருந்தார்கள்.

நாற்பது நாள் முடிந்து லீஸ்பெத் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அதன் இடுக்கில் இருந்து இரண்டு அரிசி மேசையில் விழுந்தது. சுகிர்தா அதைக் கையால் ஒற்றி எடுத்தாள். லீஸ்பெத் ஒன்றும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் அந்தச் சட்டத்தின் கதை அடிபட்டது. வேலையிடத்தில் வெப்பம் முப்பத்து மூன்று பாகையைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். ஆறிய பிறகுதான் ஓட்டலாம். நின்ற நேரத்துக்கும் சம்பளம். பேக்கரிக்காரர், இரும்பு உருக்குகிறவர், வெளுக்கிறவர் எல்லோருக்கும் பொது. சாப்பாட்டு அறையில் வேறு பேச்சே இல்லை. மொரோக்கோக்காரி ஃபாத்திஹா, சட்டம் வந்தால் தான் குளிராடை போட்டுக்கொண்டு வேலைக்கு வருவேன் என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள். சுகிர்தா சிரிக்கவில்லை. அவள் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். மிசின் நின்றால் மனிசன் நிற்கத் தேவையில்லை. ஒருவருக்கும் ஒரு வருத்தமும் சொல்லாமல் மிச்ச வருசத்தைக் கடந்துவிடலாம். அந்த மாதம் முழுக்க வேலைக்குப் போகும் வழியில் பிள்ளையாரை நினைக்காமல் அவள் பஸ் ஏறவில்லை.

சட்டம் தோற்றது. முந்நூற்றுப் பதினொன்றுக்கு இருநூற்று எண்பத்தொன்பது.

எப்படித் தோற்றது என்பதும் வெளியே வந்தது. முதல் நாள் வரைக்கும் பெரும்பான்மை சட்டத்தின் பக்கம்தான் இருந்ததாம். இரண்டாம் நாள் ஒரு பெண்ணின் சாயல் பதினொரு நிமிசம் பேசியதாம். அவள் துணி வெளுக்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறவளாம். சூட்டுக்குள் நிற்கிற மனிசியே வேண்டாம் என்கிறபோது நாங்கள் யார் என்று நாற்பது சாயல்கள் மனம் மாறினவாம்.

சாப்பாட்டு அறை கொதித்தது. முதலாளியின் கள்ளக் காதலியாக இருப்பாள் என்றாள் ஃபாத்திஹா. சுகிர்தா அதைவிட மேலே போனாள். அவளுடைய வாய் புழுத்துப்போக வேண்டும், அவளுடைய புருசனை ஒரு நாள் அந்த மிசினுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தமிழில் நீளமாகத் திட்டினாள். விளங்காவிட்டாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். தாசன் மட்டும் சோற்றுப் பெட்டியை மூடியபடி மெல்லச் சொன்னான்:

"விடும். ஆரோ பாவம். என்ன கஷ்டத்தில சொன்னாளோ."

சனிக்கிழமை கடிதம் வந்தது. சுகிர்தா எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் போகாமல் வளர்ந்து, தமிழையே ஊரில் அகதி முகாமில்தான் படித்தவள். பிளெமிஷ் அதற்கும் பிறகு. முதல் தடவை வாசித்தபோது பிழையாக வாசிக்கிறேன் என்று நினைத்தாள். இரண்டாம் தடவை விரல் வைத்து வாசித்தாள். மூன்றாம் தடவை கடிதத்தை மடித்து, பழக்க தோசத்தில், அரிசி வாளிக்குள் செருகினாள்.

*உங்கள் சாயல் பதினொரு நிமிடம் பேசியது. அதைக் கேட்கவும், அது உங்களைப் போன்றதா இல்லையா என்று அறிவிக்கவும் உங்களுக்கு ஒரு தடவை உரிமை உண்டு.*

பிரசல்ஸில் ஒரு கையெழுத்து வைக்க வேண்டும் என்று மட்டும் தாசனுக்குச் சொன்னாள். தனியாக விட அவனுக்கு மனமில்லை. ரயிலில் கூடவே வந்தான். மூன்றாம் மாடிக்குப் படியேறியதில் மூச்சு வாங்கி, நடைவழியில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். "போட்டு வாரும், நான் இதில இருக்கிறன்" என்றான்.

அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு ஒலிபெருக்கி. முகமோ படமோ இல்லை. லீஸ்பெத்தான் காத்திருந்தாள். இந்தச் சட்டத்துக்காக ஆறு வருசம் அலைந்தவள் என்பது அவளுடைய கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. கோபத்தைக் காட்டாமல் இருக்க அவள் மிகவும் மெனக்கெட்டாள். சாயலின் பேச்சை ஒலிக்கவிட்டாள்.

சுகிர்தா தன் குரலைக் கேட்டாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பேசுகிற குரல்.

"நாங்கள் சூட்டுக்குப் பயந்த சனம் இல்லை. வெயிலில தறப்பாள் கூடாரத்துக்குக் கீழ கிடந்து வந்த சனம். அதோட பாக்கேக்க இது ஒரு சூடோ? மிசினை நிப்பாட்டினா வேலையும் நிண்டு போகும். முதலாளி நல்ல மனிசன். எங்களைப் பாத்து ஒருத்தரும் பாவப்பட வேண்டாம். எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."

பதினொரு நிமிசமும் கேட்டாள். அதில் அவள் சொல்லாத வசனம் ஒன்றுகூட இல்லை. ஒரு வசனம் எந்த நாள் சொன்னது என்பதுகூட நினைவு வந்தது; அன்றைக்கு ரவை கேக் செய்திருந்தாள்.

அதோடு பேசலாமா என்று கேட்டாள். பேசலாம், அது இப்போது விழித்திருக்கிறது என்றாள் லீஸ்பெத்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?" என்றாள் சுகிர்தா ஒலிபெருக்கியைப் பார்த்து.

 அந்தக் குரல் தணிந்து வந்தது.

"பக்கத்தில ஆரும் நிக்கினமோ?"

 சுகிர்தா லீஸ்பெத்தைத் திரும்பிப் பார்த்தாள். தமிழ் விளங்காவிட்டாலும் லீஸ்பெத்துக்கு அந்தப் பார்வை விளங்கியது. பத்து நிமிசம் என்று விரலால் காட்டிவிட்டு, உள்கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

"அவ வெளியில போட்டா. சொல்லு."

"சொன்னா இவரை வேலையால நிப்பாட்டிப் போடுவினம்" என்றது குரல். "நெஞ்சுக்குள்ள குழாய் வைச்ச கதை தொழிற்சாலைக்குப் போனா, அந்த மூண்டு வருசத்தை எங்க போய்ப் பிடிக்கிறது?"

"இது உனக்கு எப்பிடித் தெரியும்? அந்தக் கதை கதைக்கேக்க நீ அரிசிக்குள்ள எல்லோ கிடந்தனீ."

"அரிசிக்குள்ளயும் காது கேக்கும். தெளிவா இல்லை, ஆனா கேக்கும். அரிசிக்குள்ள வைச்சுக் கதைக்கிறது ஒண்டும் வெளியில வரக்கூடாத கதை எண்டு விளங்கிக்கொண்டன். அதைத்தானே நீங்கள் நாப்பது நாளும் பழக்கினனீங்கள்."

சுகிர்தா நாற்காலியில் உட்கார்ந்தாள்.  அவருடைய கதையை விட்டுவிட்டு, வெறும் சூடு என்றாவது சொல்லியிருக்கலாமே என்று கெஞ்சுகிற மாதிரிக் கேட்டாள்.

"நானும் யோசிச்சனான். முதல் நாள் முழுக்க வாயே திறக்கேல்லை. பிறகு மற்றச் சாயல்கள் என்னைப் பாத்துக் கேட்டவை, சூட்டால உங்கட இடத்தில ஆருக்கும் வருத்தம் வந்ததோ எண்டு. ஓம் எண்டா, ஆருக்கு எண்டு அடுத்த கேள்வி வரும். ஆர் எண்டு சொன்னா, கடுதாசி கேப்பினம். நீங்களெண்டா என்ன சொல்லியிருப்பியள்?"

 அடுத்த அறையில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது.

லீஸ்பெத் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள். சட்டமாகப் பேச வேண்டியதைச் சட்டமாகப் பேசினாள். இந்தச் சாயல் உங்களைப் போன்றது இல்லை என்று நீங்கள் அறிவித்தால், அதன் பேச்சை நீக்குவார்கள். அதைக் கேட்டு மனம் மாறிய நாற்பது சாயல்களையும் மறுபடி கேட்பார்கள். எல்லாம் மாறலாம். ஆனால் எப்படி உங்களைப் போன்றது இல்லை என்று காரணம் எழுத வேண்டும். எங்கே நீங்கள் சொன்னது உண்மையில்லை, உண்மை என்ன, அதற்கு என்ன ஆதாரம். வருத்தம் ஏதாவது இருந்தால் டாக்டர் கடிதம். அது எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவில் இருக்கும்.

பிறகு சட்டத்தை விட்டுவிட்டு, முன்னால் சாய்ந்து, கிட்டத்தட்ட இரகசியமாகச் சொன்னாள்: "சுகிர்தா, நான் உங்கள் வீட்டு மேசையில் இரண்டு அரிசி விழுந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். தயவுசெய்து எனக்கு உதவி செய்யுங்கள்."

சுகிர்தா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கேக்கை ரசித்துச் சாப்பிட்ட பிள்ளை. சாப்பாட்டு அறையில் குளிராடைப் பகிடி விட்ட ஃபாத்திஹாவை நினைத்தாள். எந்த நாட்டிலோ எந்த அடுப்பின் முன்னாலோ நிற்கிற, பெயர் தெரியாத சனத்தை நினைத்தாள். ஒரு சொல்தான். இல்லை என்ற ஒரு சொல். சொல்லிவிட வாயைத் திறந்தும்விட்டாள். அந்தக் கணத்தில் செவ்வாய்க்கிழமை வந்து நின்றது. அதற்குப் பின்னால் புதன். அதற்குப் பின்னால், நடைவழி நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற மனிசன்.

"என்னைப் போலத்தான்" என்றாள்.

லீஸ்பெத் எழுதிக்கொண்டாள். கையெழுத்துக்குத் தாளைத் திருப்பி வைத்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சுகிர்தா தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

எழும்பும்போது சுவரில் இருந்து அந்தக் குரல் கேட்டது. இந்தத் தடவை அது தணிந்திருக்கவில்லை. யார் கேட்டாலும் குற்றமில்லாத பேச்சுத்தானே.

"அவர் வெளியில இருக்கிறாரோ? தண்ணிப் போத்தல் கொண்டு வந்தனீங்களோ?"

போத்தல் வீட்டில் மேசையில் நின்றது. கடிதத்தைத் திரும்ப அரிசிக்குள்ளிருந்து எடுத்த அவசரத்தில் அவள் அதை மறந்துபோயிருந்தாள்.

நடைவழி குளிரூட்டப்பட்டிருந்தது. ஆனாலும் தாசனின் மேலுதட்டில் வியர்வை மணி மணியாக நின்றது. சுவரோரம் இருந்த இயந்திரத்தில் தண்ணீர் வாங்கி, மூடியைத் திருகி அவன் கையில் கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டு, என்ன கேட்டவை என்றான்.

"ஒண்டுமில்லை. கையெழுத்துத்தான்."

"அந்தப் பெட்டி? கதைக்குதோ?"

"கதைக்குது. நல்லாத்தான் கதைக்குது. நீங்கள் குடியுங்கோ."

அவன் மறுபடி போத்தலைத் தூக்கினான். தண்ணீர் தாடையால் வழிந்து சட்டையை நனைத்தது. அவள் தலைப்பால் துடைத்தாள். அடுத்த கிழமை ஆகஸ்ட் பிறக்கிறது.

கோப்புகளோடு அந்த வழியால் போன ஒருவர் நின்றார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. நல்ல மனிதர்தான், முகத்தில் கரிசனை இருந்தது. இவருக்கு ஏதும் சுகமில்லையா, யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

தாசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சுகிர்தா தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். இந்த நாட்டுக்கு வந்து முதன்முதலில் படித்த அந்த இரண்டு சொல்லையும் இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.